மீட்டர் ஓடிக்கொண்டிருந்த இணையம்

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். நிறுவனம் பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியபோது, அதைப் பெற்ற முதல் நகரங்களில் சென்னையும் ஒன்று. 1998 நவம்பரில் தனியாருக்கு அனுமதி கிடைத்ததும் சென்னையிலிருந்தே சத்யம் இன்ஃபோவே நிறுவனத்தின் சேவை வந்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் வரும்வரை, ஏறக்குறைய பத்து ஆண்டுகள், இங்கே வீட்டு இணையம் என்றால் பெரும்பாலும் டயல்-அப்தான். கணினி, மோடம், போன் லைன் மூன்றும் இருந்தால் போதும்.

அந்த இணைப்பில் இரண்டு மீட்டர்கள் சேர்ந்து ஓடின. முன்பணம் கட்டி வாங்கிய மணிக்கணக்கு ஒரு பக்கம் நிமிடம் நிமிடமாகக் கரையும். மறுபக்கம் தொலைபேசித் துறையின் கணக்கில் உள்ளூர் அழைப்பு ஏறிக்கொண்டே போகும். ஒரு இணையப் பக்கம் திறக்க ஒரு நிமிடம் பிடித்தால் அந்த ஒரு நிமிடத்துக்கு இரண்டு இடத்தில் காசு. போதாததற்கு, வீட்டுப் போன் அதுவரை எங்கேஜ்டு. இணையத்தை வேகப்படுத்தும் குறிப்புகளுக்கு அன்று அத்தனை கிராக்கி இருந்ததில் வியப்பில்லை. கணினி இதழ்கள் அவற்றைப் பக்கம் பக்கமாக வெளியிட்டன. இரு மடங்கு வேகம், மும்மடங்கு வேகம் என்று விளம்பரம் செய்த மென்பொருள்களும் வரிசைகட்டின. அவற்றில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதற்குப் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது.

முதலில் கம்பியைப் பார்க்க வேண்டும். தொலைபேசி மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. பேச்சு புரிய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் போதும் என்பதால் மற்றவற்றை அது வெட்டிவிடும். மிஞ்சுவது 3,100 ஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு குறுகிய பாதை. இப்படிப்பட்ட பாதையில் நொடிக்கு எத்தனை பிட்களைப் பிழையில்லாமல் அனுப்ப முடியும் என்பதற்கான வாய்ப்பாட்டை 1948-இல் கிளாட் ஷானன் தந்தார். பாதையின் அகலம், குறிப்பலைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஆகிய இரண்டே போதும், உச்சவரம்பு வந்துவிடும். லைன் சுத்தமாக இருந்து அந்த விகிதம் 35 டெசிபல் என்று வைத்துக்கொண்டால் நொடிக்குச் சுமார் 36,000 பிட். அதே லைனில் ஈரம் இறங்கி விகிதம் 25 டெசிபலாகக் குறைந்தால் சுமார் 26,000. எந்த மென்பொருளாலும் இந்த எண்ணைத் தாண்ட முடியாது. 33.6 கிலோபிட்டோடு மோடம் உலகம் ஒருமுறை நின்றுபோனதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் 56 எங்கிருந்து வந்தது? எக்ஸ்சேஞ்சுகள் டிஜிட்டலாக மாறியதிலிருந்து வந்தது. டிஜிட்டல் எக்ஸ்சேஞ்ச் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து ஒவ்வொரு அளவையும் 8 பிட்டாக எழுதுகிறது. மொத்தம் 64,000 பிட். சேவை நிறுவனம் எக்ஸ்சேஞ்சோடு டிஜிட்டலாகவே இணைந்திருந்தால், அங்கிருந்து வீட்டுக்கு வரும் தகவல் ஒரே ஒரு இடத்தில்தான், வீட்டுக் கம்பியில் ஏறும்போதுதான், அனலாக் வடிவத்துக்கு மாறும். குரலை எண்ணாக மாற்றும்போது புகும் இரைச்சல் இந்தத் திசையில் இல்லை. இந்த நுட்பத்தை ராக்வெல், லூசென்ட் நிறுவனங்கள் ஒரு பக்கமும் யு.எஸ். ரோபாட்டிக்ஸ் மறுபக்கமுமாக ஒன்றுக்கொன்று ஒத்துவராத இரு முறைகளில் விற்றன. 1998-இல் வி.90 என்ற பொதுத்தரம் வந்து சண்டையை முடித்துவைத்தது. அதிலும் இறங்குமுகத்துக்குத்தான் 56. வீட்டிலிருந்து மேலே போக 33.6 மட்டுமே. அலுவலகத்தில் இருப்பதுபோல் நடுவில் உள் இணைப்புகளுக்கான ஒரு இ.பி.ஏ.பி.எக்ஸ். பெட்டி இருந்து சிக்னல் இன்னொரு முறை மாற்றப்பட்டால் அந்த 56-ம் போச்சு.

ஆக, டயல்-அப் இணைப்பை வேகப்படுத்துவது என்றால் இரண்டே வேலைகள். கம்பி தரக்கூடியதை முழுதாக வாங்குவது ஒன்று. வாங்கியதை வீணாக்காமல் இருப்பது மற்றொன்று.

முதல் வேலை கணினிக்கு வெளியே, சுவரில் இருந்தது. ஹாலில் ஒரு போன், படுக்கையறையில் பேரலல் கனெக்‌ஷனாக இன்னொரு போன், இரண்டையும் இணைக்கும் ஒயரில் வெறும் கையால் முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட், அதன் முனையில் மோடம். பல வீடுகளில் இருந்த அமைப்பு இதுவே. ஒவ்வொரு கிளையும் சிக்னலில் ஒரு பங்கை உறிஞ்சி எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். ஒவ்வொரு ஜாயின்ட்டும் இரைச்சலுக்கு வாசல். டயல் செய்து, டாஸ்க்பாரில் வரும் இணைப்பு வேகத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு மற்ற போன்களைக் கழற்றிவிட்டு மோடத்தைத் தெருவிலிருந்து லைன் வீட்டுக்குள் நுழையும் ரோசெட்டிலேயே சொருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். எண் கணிசமாக ஏறினால் கோளாறு வீட்டுக்குள். ஏறாவிட்டால் லைன்மேனைக் கூப்பிட வேண்டியதுதான். ஜங்ஷன் பாக்ஸில் துருப்பிடித்த இணைப்பை அவர் சுரண்டி மாற்றிக் கொடுப்பதற்கு இணையான வேகப்படுத்தும் மென்பொருள் எதுவும் கிடையாது.

மோடம் போடும் அந்தக் கீச்சொலியிலும் கவனிக்கச் செய்தி உண்டு. எதிர்முனை முதலில் 2,100 ஹெர்ட்ஸில் ஒரு சீரான விசில் எழுப்பும். பேச்சுக்காக வழியில் வைத்திருக்கும் எதிரொலி நீக்கிகளை அணைத்துவைக்கச் சொல்லும் குறி அது. பிறகு இரு மோடங்களும் பல சுருதிகளை அனுப்பி, எந்த அலைவரிசை எவ்வளவு தேய்ந்து வருகிறது, இரைச்சல் எங்கே அதிகம் என்று லைனை அளக்கும். கடைசியில் வரும் கரகரப்பில் இணைப்பின் வேகம் முடிவாகிறது. சத்தம் தொந்தரவு என்று பலர் ஸ்பீக்கரை அணைத்துவிடுவார்கள். காது பழகியவர்களுக்கு அந்தச் சத்தத்திலேயே இந்த அழைப்பு தேறுமா, இல்லை வைத்துவிட்டு மறுபடி டயல் செய்வதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது மோடத்துக்கும் கணினிக்கும் இடையிலான சில அங்குலங்கள். 1981-இல் ஹேய்ஸ் நிறுவனத்தின் ஸ்மார்ட்மோடத்தோடு வந்த ஏ.டி. கட்டளைகளைத்தான் பிறகு வந்த மோடம்கள் எல்லாம் பேசின. அவற்றில் எஸ்10 என்ற பதிவேடு பயனுள்ளது. எதிர்முனைச் சிக்னல் மறைந்தால் எத்தனை பத்தில் ஒரு நொடி காத்திருந்துவிட்டு லைனைத் துண்டிக்கலாம் என்பதை அது சொல்லும். கொஞ்சம் கூட்டிவைத்தால், கம்பியில் ஒரு கணம் வரும் கரகரப்புக்கெல்லாம் இணைப்பு அறுந்துபோகாது. அறுந்தால் மறுபடி டயல் செய்ய வேண்டும், மீட்டரில் புது அழைப்பு விழும்.

கணினியின் போர்ட் வேகத்தை 1,15,200 என்று வைக்கச் சொன்ன குறிப்பும் சரியானதே. 56 கிலோபிட் மோடத்துக்கு ஏன் இரு மடங்கு என்று கேட்கத் தோன்றும். மோடம்கள் வி.42பிஸ் என்ற முறையில் தகவலைச் சுருக்கி அனுப்பும். மறுமுனையில் அது விரிந்து இரண்டு மூன்று மடங்காக வெளிவரும். விரிந்ததைக் கணினிக்குள் தள்ள வாசல் அகலமாக இருக்க வேண்டும். அந்த வேகத்தில் நொடிக்கு 11,520 பைட் வந்து இறங்கும். 8250, 16450 போன்ற பழைய சீரியல் போர்ட் சில்லுகளில் ஒரே ஒரு பைட்டுக்குத்தான் இடம். பிராசசர் அதை எடுப்பதற்குள் அடுத்தது வந்தால் முந்தையது தொலைந்தது. மறுபடி அனுப்பச் சொல்ல வேண்டும். 16550ஏ சில்லில் 16 பைட் இருப்பு வைக்கலாம். பழைய 486 கணினியில் வெளி மோடம் வைத்திருந்தவர்களுக்கு இந்தச் சில்லு உள்ள அட்டைக்கு மாறியதே புது மோடம் வாங்கியதுபோல் பலன் தந்தது. மலிவாகக் கிடைத்த சாஃப்ட்மோடம்களோ தங்கள் வேலையையும் பிராசசரின் தலையில் கட்டின. மெதுவான பிராசசரில் பாட்டு ஒன்றை ஓடவிட்டுக்கொண்டு பிரவுஸ் செய்தால் இரண்டும் திக்கும்.

விண்டோஸுக்குள் போனால் எம்.டி.யு. என்ற எண்ணைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். இணையத்தில் தகவல் பொட்டலம் பொட்டலமாகப் போகிறது. ஒரு பொட்டலம் அதிகபட்சம் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதே எம்.டி.யு. விண்டோஸ் 95 அதை 1,500 பைட் என்று வைத்திருந்தது. அது அலுவலக ஈதர்நெட்டுக்கு ஏற்ற அளவு. டயல்-அப் பாதையில் எங்காவது 576 பைட் வரைதான் ஏற்கும் கருவி இருந்தால் ஒவ்வொரு பொட்டலமும் அங்கே துண்டாகும். ஒரு துண்டு தொலைந்தாலும் முழுப் பொட்டலத்தையும் திரும்பக் கேட்க வேண்டும். அதனால் ரெஜிஸ்ட்ரியில் புகுந்து 576 ஆக்கு என்றார்கள். விண்டோஸ் 98 வந்தபோது டயல்-அப் அமைப்பிலேயே சிறியது, நடுத்தரம், பெரியது, தானியங்கி என்று தேர்வு செய்யும் வசதி வந்துவிட்டது.

இதில் முழு லாபம் என்று ஒன்று இல்லை. ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் 40 பைட் முகவரி விவரம் ஏறுகிறது. 1,500-இல் அது 3 விழுக்காட்டுக்கும் குறைவு. 576-இல் ஏறக்குறைய 7 விழுக்காடு. மறுபக்கம், 33.6 கிலோபிட் லைனில் 1,500 பைட் பொட்டலம் கடந்துபோக மூன்றில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். அதற்குப் பின்னால் நிற்கும் சின்னச் செய்தி அதுவரை காத்திருக்க வேண்டும். பெரிய கோப்பு இறக்குபவருக்கு 1,500, சாட் செய்துகொண்டே பக்கம் புரட்டுபவருக்கு 576 என்பதுதான் நியாயமான தீர்ப்பு. பாதை எதை ஏற்கிறது என்பதை பிங் கட்டளையை வைத்தே சோதிக்கலாம்: துண்டாக்காதே என்ற குறியோடு 1,472 பைட் அனுப்பி, பதில் வந்தால் தலைச்சுமை 28 சேர்ந்து 1,500 தடையில்லாமல் போகிறது என்று பொருள். அந்த 40 பைட் சுமையைக் குறைக்கும் வழியை வான் ஜேக்கப்சன் 1990-இலேயே வகுத்திருந்தார். அடுத்தடுத்த பொட்டலங்களின் தலைப்பில் மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் பெரும்பாலும் மூன்று பைட்டில் முடிந்துவிடும். டயல்-அப் அமைப்பில் தலைப்புச் சுருக்கம் என்றிருக்கும் பெட்டியில் டிக் செய்வது மட்டுமே வேலை.

இத்தனையும் செய்து முடித்தாலும் பக்கம் சட்டென்று திறக்காது. காரணம் காத்திருப்பு. 1996-இல் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வு மாணவராக இருந்த ஸ்டூவர்ட் செஷயர் இதை ஒரு கட்டுரையில் அழுத்திச் சொன்னார்: அகலத்தைக் கூட்டலாம், தாமதத்தைக் குறைப்பது கடினம். மோடமே சுமார் 100 மில்லிநொடியை விழுங்கும். இந்தியாவிலிருந்து போன தகவல் செயற்கைக்கோள் வழியாகப் போனால் நிலைமை இன்னும் மோசம். பூமியிலிருந்து சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் இருக்கும் அதை எட்டிவிட்டுக் கீழே இறங்க ஒளியின் வேகத்திலும் கால் நொடி ஆகும். பதிலும் அதே வழியில் வந்தால் இன்னொரு கால் நொடி. சென்னையையும் சிங்கப்பூரையும் இணைத்த ஐ2ஐ கடலடிக் கம்பி 2002-இல்தான் வந்தது.

அரை நொடி பெரிய விஷயமா? ஒரு பக்கத்துக்கு ஒருமுறை என்றால் இல்லை. ஆனால் தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொள்ள ஒரு போய்வரவு, இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று. பழைய எச்.டி.டி.பி. 1.0 முறையில் ஒவ்வொரு படத்துக்கும் இந்த இணைப்புச் சடங்கு மறுபடி நடக்கும். சிலர் அடிக்கடி போகும் தளங்களின் எண் முகவரியை ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிவைத்து முதல் போய்வரவை மிச்சப்படுத்தினார்கள். பலன் உண்டு, ஆனால் தளம் முகவரி மாறினால் பக்கம் திறக்கவே திறக்காது. அதே கோப்பில் விளம்பரப் பட்டைகளை அனுப்பும் தளங்களின் பெயர்களுக்குச் சொந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்து அவற்றை வாசலிலேயே நிறுத்தியதுதான் உண்மையில் புத்திசாலித்தனமான வேலை. 468க்கு 60 என்ற அளவில் பக்கத்துக்குப் பக்கம் துள்ளிக்கொண்டிருந்த அந்த ஜிஃப் படங்களுக்கு வாசகர் மீட்டரில் காசு கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கே கைவைத்தால் எவ்வளவு மிச்சம் என்பதைக் காட்ட ஒரு நல்ல சோதனை இருக்கிறது. 1997-இல் உலகளாவிய வலைக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஹென்ரிக் ஃபிரிஸ்டிக் நீல்சன், ஜிம் கெட்டிஸ் முதலானோர் நெட்ஸ்கேப், மைக்ரோசாஃப்ட் இரண்டின் முகப்புப் பக்கங்களையும் சேர்த்து ஒரு மாதிரிப் பக்கம் செய்தார்கள். எழுத்தும் குறியீடும் 42 கிலோபைட். 42 ஜிஃப் படங்கள், 125 கிலோபைட். 28.8 மோடத்தில் இதன் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். காத்திருப்பும் மோடத்தின் சுருக்கமும் போக, மொத்தம் இறங்க சுமார் 47 நொடி. படங்களை நிறுத்திவிட்டால் 12 நொடி. எழுத்துப் பகுதியைச் சர்வரிலேயே சுருக்கி அனுப்பியபோது 42 கிலோபைட் 11 ஆனது. அதற்கு 3 நொடி போதும். ரெஜிஸ்ட்ரியில் எத்தனை எண்களை மாற்றினாலும் 47 நொடியை 3 ஆக்க முடியாது. பிரவுசர் அமைப்பில் படங்களுக்கான டிக்கை எடுத்துவிடுவதே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடும். ஜிஃப் ஏற்கெனவே சுருக்கப்பட்ட வடிவம் என்பதால் மோடத்தாலும் அதைக் குறைக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நார்வேயிலிருந்து வந்த ஓபரா பிரவுசர் இந்த உண்மையைப் புரிந்துகொண்டு கட்டப்பட்டது. அதன் ஆரம்பப் பதிப்புகள் ஒரே ஃபிளாப்பியில் அடங்கின. படம் வேண்டும், வேண்டாம், ஏற்கெனவே சேமிப்பில் இருப்பதை மட்டும் காட்டு என்று ஒரே பொத்தானில் மாற்றலாம். அந்த மூன்றாவது நிலை அருமையான யோசனை. ஒருமுறை இறங்கிய தளத்தின் முத்திரையும் பொத்தான்களும் வட்டிலிருந்து வரும். புதுப்படத்துக்கு மட்டும் வெறும் கட்டம் நிற்கும், வேண்டியதைச் சொடுக்கி எடுத்துக்கொள்ளலாம்.

தமிழ் வாசகருக்குத் தனியாக ஒரு சுமை இருந்தது. யூனிகோடு பரவுமுன் ஒவ்வொரு தளமும் தனக்கென ஒரு எழுத்துருவை வைத்திருந்தது. எழுத்துரு கணினியில் இல்லாவிட்டால் பக்கம் முழுக்கப் புரியாத குறிகள். இதைத் தவிர்க்கச் சில தளங்கள் எழுத்துருவையே பக்கத்தோடு சேர்த்து அனுப்பின. செய்தி நாலு வரி, அதைக் காட்ட எழுத்துரு பல கிலோபைட். ஒருமுறை உட்கார்ந்து அந்த எழுத்துருக்களை இறக்கி நிறுவிக்கொள்வது தமிழ் வீடுகளில் செய்யத்தக்க மிகச் சிறந்த வேகப்படுத்தலாக இருந்தது. செய்தியையே படமாக வருடிப் போட்ட பக்கங்களுக்கு மட்டும் விமோசனம் கிடையாது.

யூனிகோடு வந்தபோது வேறொரு கவலை வந்தது. தமிழ் என்ற சொல்லை யூனிகோடுக்கு முந்தைய டிஸ்கி முறையில் 4 பைட்டில் எழுதலாம், யு.டி.எஃப்.-8 முறையில் அதற்கு 15 பைட். டயல்-அப்பில் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. ஆனால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்குறிக்கும் ஆகும் மூன்று பைட்டில் முதல் பைட் எப்போதும் ஒன்றே, இரண்டாவது இரண்டில் ஒன்று. திரும்பத் திரும்ப வருவதைச் சுருக்குவதுதானே ஜிசிப் என்ற சுருக்கு முறையின் தொழில்? சர்வரில் அதை இயக்கிவிட்டால் இந்தச் சுமையின் பெரும்பகுதி கரைந்துவிடும். தளம் நடத்துபவர் ஒரு வரி எழுதினால் ஆயிரம் வாசகர்களின் போன் கணக்கு குறைந்திருக்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை வெறும் எழுத்தாகத் தந்ததையும் இங்கே நன்றியோடு நினைக்க வேண்டும். மோடம் வீடுகளுக்கு அதைவிடத் தோதான நூலகம் இருந்திருக்க முடியாது.

மின்னஞ்சலை அன்று கையாண்ட விதமும் ஒரு வேகப்படுத்தலே. அவுட்லுக் எக்ஸ்பிரஸில் பதில்களை எல்லாம் லைன் இல்லாமலே எழுதிவைத்து, டயல் செய்து, அனுப்பு-பெறு பொத்தானை அமுக்கி, உடனே துண்டித்துவிடலாம். ராயர் காபி கிளப், மரத்தடி போன்ற யாஹூ குழுமங்களின் நீண்ட விவாதங்களை இப்படி இறக்கிவைத்துக்கொண்டு ஆற அமர வாசிக்க முடிந்தது. இணையப் பக்கங்களையும் அடுத்தடுத்த சன்னல்களில் திறந்துவிட்டு, லைனை வைத்துவிட்டுப் படிக்கலாம். வாசிக்கும் நேரத்துக்கு மீட்டர் ஓடவே தேவையில்லை.

வேகப்படுத்திகள் என்று விற்கப்பட்டவை? பெரும்பாலானவை எம்.டி.யு. போன்ற இரண்டு மூன்று எண்களை மாற்றின. அதைக் கையாலேயே செய்திருக்கலாம். சில, பக்கத்தில் உள்ள இணைப்புகளை எல்லாம் முன்கூட்டியே இறக்கிவைத்தன. படிக்காத பக்கங்களுக்கும் லைன் செலவு. கோப்பை நாலு துண்டாக ஒரே நேரத்தில் இறக்கும் டவுன்லோடு மேனேஜர்களாலும் மோடத்தின் குறுகிய வாயை அகலப்படுத்த முடியவில்லை. ஆனால் 90 விழுக்காட்டில் அறுந்த கோப்பை விட்ட இடத்திலிருந்து தொடர அவை உதவின, அந்த ஒரு காரணத்துக்காகவே அவற்றை வைத்திருந்தது தகும். கம்பி தரும் வேகத்தை உண்மையிலேயே இரட்டிப்பாக்க ஒரு வழி இருந்தது: இரண்டு மோடம், இரண்டு போன் லைன். விண்டோஸ் 98 அதற்கு இடம் தந்தது. பில்லும் இரட்டிப்பாகும்.

கணினியைத் தொடாமல் சிக்கலை வேறு முனையில் பிடித்தவர்களும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழு உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா முறை, இணையத் தகவலைக் குரலாக வேடமிட வைக்காமல் டிஜிட்டலாகவே எடுத்துச் சென்றது. பேசிக்கொண்டே 35 கிலோபிட், பேசாதபோது 70. மேலூர் வட்டாரக் கிராமங்களில் இணையக் கூடங்கள் இந்த முறையில்தான் இயங்கின.

இன்று டயல்-அப் அநேகமாக ஓய்ந்துவிட்டது, அமெரிக்காவில் ஏ.ஓ.எல். நிறுவனமே 2025 செப்டம்பர் 30-உடன் அந்தச் சேவையை நிறுத்திக்கொண்டது. ஆனால் மலைக் கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலோடு, தீர்ந்துகொண்டிருக்கும் டேட்டாவோடு போனைப் பிடித்திருப்பவர் இருக்கிறார். இப்போதைய சராசரி வலைப்பக்கம் 2 மெகாபைட்டைத் தாண்டும். 44 கிலோபிட் இணைப்பில் அது இறங்க ஆறு நிமிடத்துக்கு மேல் ஆகும். தமிழில் தளம் நடத்துகிறவர்கள் தங்கள் முகப்பை ஒருமுறையாவது பிரவுசரில் உள்ள வேகக் கட்டுப்பாட்டு வசதியால் மெதுவாக்கி, படங்களை அணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். முதல் பத்து நொடியில் தலைப்பும் முதல் பத்தியும் படிக்கக் கிடைக்கவில்லை என்றால் சரிசெய்ய வேண்டியது வாசகரின் கருவியை அல்ல, அந்தப் பக்கத்தை.